பிரெண்டன் க்ளீசன் படங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

முகம் தெரியும், பெயர் தெரியாது. குணச்சித்திர நடிகர்கள் பலருக்கும் இதுதான் நிலைமை. 'ஹாரி பாட்டர்' படத்தில் ஒற்றைக் கண் மட்டும் தனியாகச் சுழலும் மூடி வாத்தியார், 'ட்ராய்' படத்தில் மனைவியைப் பறிகொடுத்துப் போருக்குக் கிளம்பும் மெனிலாஸ், 'பிரேவ்ஹார்ட்' படத்தில் மெல் கிப்சன் பக்கத்திலேயே நிற்கும் தாடிக்கார ஹாமிஷ், 'பேடிங்டன் 2'வில் கைதிகளை நடுங்க வைக்கும் சிறைச் சமையல்காரர். நான்கு பேரும் ஒரே ஆள்தான். 1955ல் டப்ளினில் பிறந்த பிரெண்டன் க்ளீசன்.

இவர் சினிமாவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். வடக்கு டப்ளினில் ஒரு பள்ளியில் ஐரிஷ் மொழியும் ஆங்கிலமும் கற்பித்தார். பள்ளி நேரம் போக நாடகம். 1991ல், முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகு, வேலையை விட்டுவிட்டு முழுநேர நடிகரானார். ஆகவே இளம் கதாநாயகனாக ஓடி, மார்க்கெட் போன பிறகு அப்பா வேடத்துக்கு வந்தவர் அல்ல. முதல் படங்களிலேயே நடுவயது ஆளின் உடம்பும், நாலு இடத்தில் அடிபட்ட முகமும் அவரிடம் இருந்தன.

புதிதாகப் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகத் தொடங்குவார்கள். ஒன்று, 1990லிருந்து வருட வரிசை. அப்படிப் போனால் முதல் சில படங்களில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். இன்னொன்று, பெரிய ஹாலிவுட் படங்கள். அவற்றில் அவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். வருவார், கர்ஜிப்பார், செத்துப்போவார். "நல்ல நடிகர்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள்.

நான் சொல்லும் வழி வேறு. முதலில் அவர் நடுநாயகமாக இருக்கும் படங்கள், பிறகுதான் ஓரமாக நிற்கும் படங்கள். க்ளீசனுடைய உண்மையான திறமை பேசுவதில் இல்லை, எதிராளி பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பழக நேரம் வேண்டும். பழகிவிட்டால் பத்து நிமிட வேடத்திலும் அது கண்ணில் படும்.

தொடங்கும் முன்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கு அயர்லாந்துப் பேச்சு வேகம், பாதி வாய்க்குள்ளேயே போய்விடும். டப்பிங் வேண்டவே வேண்டாம். இவர் நடிப்பில் பாதி அந்தக் குரலில்தான் இருக்கிறது.

தேடும்போது பெயர்க் குழப்பம் வரும். 'தி ஜெனரல்' என்று தட்டினால் 1926ல் வந்த பஸ்டர் கீட்டனின் மௌனப்படம் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது 1998 படம். 'இன்டு தி ஸ்டார்ம்' என்றால் சூறாவளி பற்றிய 2014 படம் முன்னால் வரும். உங்களுக்கு வேண்டியது 2009. 'கால்வரி'யை ஓரெழுத்து மாற்றித் தட்டினால் குதிரைப்படைப் படங்களாக வந்து குவியும். எதைத் தேடினாலும் வருடத்தையும் நடிகர் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை இங்கே எழுதிப் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. கீழே முதலில் வரும் படங்களில் கெட்ட வார்த்தை சரளமாக வரும், ரத்தமும் உண்டு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் படங்கள் அல்ல. குழந்தைகளுக்கான படங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: 'தி கார்ட்' (2011)

இதில்தான் தொடங்க வேண்டும். க்ளீசன் இங்கே ஜெர்ரி பாயில், கால்வே பக்கம் கனமாராவில் ஒரு போலீஸ் சார்ஜென்ட். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே விபத்தில் செத்துக்கிடக்கும் இளைஞனின் பையைத் துழாவி, அதில் இருக்கும் போதைப்பொருளை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்கிறார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த ஆளை எந்தப் பெட்டியில் போடுவது என்று உங்களுக்குக் குழப்பம் வர வேண்டும். வந்தால் படம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

போதைக் கடத்தலைத் துப்பறிய அமெரிக்காவிலிருந்து எஃப்பிஐ அதிகாரி ஒருவர் வருகிறார். டான் சீடில் நடித்திருக்கிறார். கறுப்பினத்தவரான அந்த அதிகாரி முன்பே பாயில் இனவெறிப் பேச்சு பேசுகிறார். எதிராளியைச் சீண்டிப் பார்க்கிறாரா, உண்மையிலேயே அவ்வளவுதான் விவரமா? அதிகாரிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் முடியும்வரை க்ளீசன் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைப்பதே இல்லை.

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். அமெரிக்க அதிகாரி வீடு வீடாக விசாரிக்கப் போகும்போது மக்கள் ஐரிஷ் மொழியில் மட்டுமே பதில் சொல்லி அவரைத் திணறடிப்பார்கள். அந்த மொழியை வகுப்பறையில் கற்பித்தவர்தான் படத்தின் நாயகன் என்பது தெரிந்து பார்த்தால் கூடுதல் சிரிப்பு. அடுத்தது, நோயாளியான அம்மாவோடு பாயில் பேசும் காட்சிகள். ஊரையே கேலி செய்யும் ஆள் அம்மா முன்னால் தோளைக் கொஞ்சம் இறக்கி உட்காருவார். வசனம் அப்போதும் கிண்டல்தான். உடம்பு மட்டும் வேறு ஏதோ சொல்லும்.

இரண்டாம் படி: 'இன் ப்ரூஜ்' (2008)

பெல்ஜியத்தின் பழைய நகரமான ப்ரூஜில் பதுங்கியிருக்கும் இரண்டு கூலிக்கொலையாளிகள். இளையவர் காலின் ஃபேரல், மூத்தவர் க்ளீசன். ஃபேரலுக்கு ஊர் பிடிக்கவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி சிணுங்கிக்கொண்டே இருக்கிறார். க்ளீசனோ கையில் கையேட்டை வைத்துக்கொண்டு கோயில், கால்வாய், மணிக்கூண்டு என்று ரசித்துச் சுற்றுகிறார். கதையை இதற்கு மேல் எங்கேயும் படித்துவிட்டுப் போகாதீர்கள். ட்ரெய்லர்கூட வேண்டாம்.

இதில் பாடமாக வைத்துப் பார்க்க வேண்டியது ஹோட்டல் அறையில் வரும் ஃபோன் காட்சி. முதலாளி ஹேரி லைனில் இருக்கிறார். அவர் முகத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை, ரேஃப் ஃபைன்ஸின் குரல் மட்டும் கேட்கிறது. கேமரா க்ளீசனை விட்டு அநேகமாக நகர்வதே இல்லை. பக்கத்தில் இல்லாத ஒருவன் இருப்பது போலவும், பிறகு வெளியே போவது போலவும் நாடகமாட வேண்டிய கட்டாயம் அவருக்கு. நடுவில் முதலாளி ஒரு விஷயம் சொல்கிறார். அந்த நொடியில் க்ளீசன் முகத்தைப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார், ஆனாலும் அடுத்த ஒரு மணி நேரப் படம் அங்கேதான் முடிவாகிறது. ஒருமுறை பார்த்த பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இதன் இயக்குநர் மார்ட்டின் மெக்டோனா. 'தி கார்ட்' இயக்கியவர் அவருடைய அண்ணன் ஜான் மைக்கேல் மெக்டோனா. க்ளீசனின் சிறந்த படங்களில் பாதியாவது இந்த அண்ணன் தம்பி வீட்டிலிருந்து வந்தவை. பட்டியல் எழுதி வைப்பவர் என்றால் இயக்குநர் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: 'கால்வரி' (2014)

அண்ணன் மெக்டோனாவின் படம். கொஞ்சம் கனமானது என்பதால் முதல் இரண்டும் முடிந்த பிறகு, மனம் நிதானமாக இருக்கும் நாளில் பாருங்கள்.

ஸ்லைகோ பகுதியில் ஒரு கடற்கரைக் கிராமம், பின்னால் பென் புல்பென் மலை. பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியார் ஜேம்ஸ் உட்கார்ந்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல், சிறுவயதில் ஒரு பாதிரியார் தனக்குச் செய்த கொடுமையைச் சொல்கிறது. அந்தப் பாதிரியார் செத்துவிட்டார். கெட்டவனைக் கொன்றால் யார் கவலைப்படப் போகிறார்கள், ஆகவே ஒரு தப்பும் செய்யாத உங்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்வேன் என்கிறது. இவ்வளவும் முதல் காட்சியிலேயே. மீதிப் படம் அந்த ஒரு வாரம்தான்.

இதன் பின்னணி தெரியாவிட்டால் படம் ஏதோ த்ரில்லர் மாதிரி தோன்றிவிடும். அயர்லாந்தில் திருச்சபை நிறுவனங்களிலும் டப்ளின் மறைமாவட்டத்திலும் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள் பற்றிய இரண்டு பெரிய விசாரணை அறிக்கைகள் 2009ல் வெளிவந்தன. அதன் பிறகு வந்த படம் இது. தெருவில் தனியாக நடந்து வந்த ஒரு சிறுமியோடு ஜேம்ஸ் நட்பாகப் பேசிக்கொண்டே நடப்பார். அவளுடைய அப்பா காரில் வந்து அவளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போவார். ஒரு பாதிரியார் தன் மகளோடு பேசுகிறார் என்பது மட்டுமே அவருக்குப் போதும். ஜேம்ஸ் அப்படியே நிற்பார். அங்கிக்குள் இருக்கும் மனிதன் தப்பு செய்யவில்லை, ஆனாலும் அந்த அங்கியின் பாரம் அவன் மேல்தான். அந்தப் பெரிய உருவம் கூசிப்போவதைப் பார்ப்பதற்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

சிறையில் இருக்கும் ஒரு கொலைகாரனை ஜேம்ஸ் போய்ப் பார்க்கும் காட்சியும் உண்டு. கொலைகாரனாக நடித்திருப்பவர் டோனல் க்ளீசன், பிரெண்டனின் சொந்த மகன். தெரிந்தோ தெரியாமலோ பாருங்கள், இரண்டு விதத்திலும் அந்தக் காட்சி வேலை செய்யும்.

நான்காம் படி: பின்னால் போய் 'தி ஜெனரல்' (1998)

போலீஸ், கொலையாளி, பாதிரியார் மூவரையும் பார்த்தாயிற்று. இப்போது திருடன். மார்ட்டின் காஹில் என்பவர் டப்ளினில் உண்மையிலேயே வாழ்ந்த கொள்ளைக்காரர். 1986ல் ரஸ்பரோ மாளிகையிலிருந்து வெர்மீர் ஓவியம் உட்பட விலைமதிப்பற்ற ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போன கும்பலின் தலைவர். 1994ல் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் அந்தச் சாவிலேயே தொடங்கி, பின்னோக்கிப் போகிறது.

இயக்குநர் ஜான் பூர்மேனுக்கு இந்தக் கதையில் நேரடிச் சம்பந்தம் உண்டு. அயர்லாந்தில் அவர் குடியிருந்த வீட்டிலும் காஹில் திருடியிருக்கிறார். 'டெலிவரன்ஸ்' படத்தின் பாட்டுக்காக அவருக்குக் கிடைத்த தங்க ரெக்கார்டும் போனது. அந்தத் திருட்டையே படத்தில் ஒரு காட்சியாக வைத்துவிட்டார். அது நிஜத் தங்கம் இல்லை என்று தெரிந்ததும் காஹிலுக்கு வரும் எரிச்சலைப் பாருங்கள். தன் வீட்டில் திருடியவனை இவ்வளவு ரசனையோடு படம் எடுத்த மனிதரை என்ன சொல்வது! அந்த வருடம் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பூர்மேனுக்குத்தான்.

படம் கறுப்பு வெள்ளை. க்ளீசன் இங்கே அடிக்கடி கையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். பத்திரிகை கேமராக்களிடமிருந்து தப்பிக்க நிஜக் காஹிலுக்கு இருந்த பழக்கம் அது. முகமே முக்கியக் கருவியாக உள்ள நடிகர், முதல் பெரிய வேடத்தில் முகத்தை மூடிக்கொண்டே நடிக்கிறார். விரலிடுக்கில் தெரியும் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சிரிக்கவும் மிரட்டவும் செய்கிறார். ஒரு கூட்டாளி மேல் சந்தேகம் வந்ததும் அவர் செய்யும் காரியம் கொடூரமானது, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதுவரை அவரை ரசித்துக்கொண்டிருந்தோமே என்று நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஐந்தாம் படி: மேஜையின் இரண்டு பக்கமும்

என்னைக் கேட்டால், க்ளீசனின் திரைவாழ்க்கையிலேயே விசித்திரமான விஷயம் இதுதான். பலருக்கும் இது கண்ணில் படுவதில்லை.

1921 டிசம்பர் 6 அன்று லண்டனில், அயர்லாந்து விடுதலைப் போரை முடித்து வைத்த ஆங்கிலோ ஐரிஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அயர்லாந்து தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ். பிரிட்டன் தரப்பில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். இந்த இரண்டு பேராகவும் க்ளீசன் நடித்திருக்கிறார்.

1991ல் வந்த 'தி ட்ரீட்டி' என்ற தொலைக்காட்சிப் படத்தில் அவர் காலின்ஸ். ஆசிரியர் வேலையை விட்ட அதே வருடம். 2009ல் 'இன்டு தி ஸ்டார்ம்' படத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சர்ச்சில். இதற்காக எம்மி விருது வாங்கினார். நடுவில், 1996ல் நீல் ஜோர்டன் எடுத்த 'மைக்கேல் காலின்ஸ்' படத்தில் லியாம் நீசன் காலின்ஸாக நடிக்க, க்ளீசன் அவருடைய ஆட்களில் ஒருவரான லியாம் டோபினாகப் பின்னால் நின்றார்.

வரிசை இப்படி: முதலில் 'தி ட்ரீட்டி', அதன் பிறகு 'இன்டு தி ஸ்டார்ம்'. முதல் படம் பழைய தொலைக்காட்சித் தயாரிப்பு, கிடைக்காவிட்டால் 'மைக்கேல் காலின்ஸ்' பார்த்துவிட்டுப் போகலாம். சர்ச்சில் வேடம் என்றாலே சுருட்டு, தொப்பி, உறுமல் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. க்ளீசனும் அதை விடவில்லை. ஆனால் போர் முடிந்து தேர்தல் முடிவுக்காகப் பிரான்சில் ஓய்வெடுக்கும் காட்சிகளில், வேலை போன ஆளின் கடுகடுப்பைக் கொண்டுவந்திருக்கிறார். மனைவியிடம் எரிந்து விழும் சர்ச்சில்தான் எனக்கு அந்தப் படத்தில் பிடித்தவர். சொற்பொழிவு ஆற்றும் சர்ச்சிலை எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

2020ல் 'தி கோமி ரூல்' தொடரில் டொனால்ட் ட்ரம்ப்பாகவும் நடித்தார். ஆர்வமிருந்தால் பாருங்கள். நாம் தினமும் செய்தியில் பார்க்கும் ஆளை நடிகர் ஒருவர் போலச் செய்வதில் எனக்கு அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை.

ஆறாம் படி: ஃபிடில் வாசிக்கும் க்ளீசன்

இவர் நன்றாக ஃபிடில் வாசிப்பார். இரண்டு படங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. 'கோல்ட் மவுண்டன்' (2003) அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதை. ரெனே ஸெல்வெகரின் பொறுப்பில்லாத அப்பாவாக, படையிலிருந்து ஓடிவந்தவராக வருகிறார். மகளிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை வராத ஆள், வாத்தியத்தை எடுத்துக்கொள்கிறார்.

அடுத்து 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' (2022). மெக்டோனா தம்பி, ஃபேரல், க்ளீசன் மூவரும் மறுபடி சேர்ந்த படம். இதை 'இன் ப்ரூஜ்' பார்த்த மறுநாளே பார்க்கச் சொல்வார்கள் சிலர். வேண்டாம். அந்த ஜோடி மேல் உங்களுக்குப் பிரியம் வந்து, கொஞ்ச நாள் ஊறிய பிறகு பாருங்கள். ஏனென்றால் இந்தப் படம் தொடங்கும்போதே அந்த நட்பு முறிந்துவிட்டது. 1923, மேற்குக் கரையோரம் ஒரு தீவு. கோல்ம் என்ற இசைக்காரர் தன் நீண்டநாள் நண்பனிடம் இனிப் பேசமாட்டேன் என்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. நண்பன் வளவளவென்று பேசுகிறான், தனக்கு மிச்சமிருக்கும் காலத்தில் நாலு மெட்டு போட வேண்டும், அவ்வளவுதான் காரணம். கடலுக்கு அந்தப் பக்கம் உள்நாட்டுப் போர்க் குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் படியில் பார்த்த ஒப்பந்தத்தை ஏற்பதா கூடாதா என்று பிரிந்து மூண்ட அதே போர்தான்.

கோல்ம் வாசிக்கும் மெட்டு க்ளீசனே போட்டது. இனிஷெரின் என்பது கற்பனைத் தீவு. படம் பிடித்தது இனிஷ்மோரிலும் அகில் தீவிலும். க்ளீசனுக்கு முதன்முதலாக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது இந்த வேடத்துக்காகத்தான். பரிந்துரையோடு நின்றுவிட்டது. போலீஸ்காரரிடம் அடிவாங்கிக் கீழே விழுந்த நண்பனைத் தூக்கி வண்டியில் ஏற்றி, ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டுப் பிரிவாரே, அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.

ஏழாம் படி: இனிச் சின்ன வேடங்கள்

இப்போது பெரிய படங்களுக்குள் போகலாம். முதலில் '28 டேஸ் லேட்டர்' (2002). நோய் பரவி லண்டனே காலியாகிக் கிடக்கும்போது, அடுக்குமாடி உச்சியில் மகளோடு ஒதுங்கியிருக்கும் டாக்ஸி டிரைவர் ஃப்ராங்க். பயங்கரமான படத்தில் இவர் வந்த பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகிவிடும் போலத் தோன்றும். வெளியே தெம்பாக இருக்கும் அந்த ஆள் மகள் பார்க்காத நேரத்தில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

மற்றவற்றைப் படமாகப் பார்க்காமல், இவர் வரும் பகுதிகளை மட்டும் பார்த்தால்கூடப் போதும். 'ஏ.ஐ.' (2001) படத்தில் ரோபோக்களைப் பிடித்து வந்து கூட்டத்தின் முன் அழிக்கும் திருவிழாக்காரர். 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்'கில் (2002) தடியோடு திரியும் முடிதிருத்துபவர். 'லேக் ப்ளாசிட்' (1999) முதலைப் படத்தில் எரிச்சல்பட்ட ஷெரிஃப். 'ட்ராய்' மெனிலாஸ் ஹோமரின் மெனிலாஸ் அல்ல, கதையையே மாற்றிவிட்டார்கள். அது க்ளீசன் குற்றமில்லை. ஜோயல் கோயனின் 'மெக்பெத்'தில் (2021) அரசர் டங்கனாக வந்து சீக்கிரமே கொலையாகிறார். இந்தப் பட்டியலில் நிதானமாகப் பார்க்கத்தக்கது அது.

குழந்தைகளோடு பார்க்க

'பேடிங்டன் 2' (2017) கண்ணை மூடிக்கொண்டு போடலாம். சிறையில் எல்லோரும் நடுங்கும் சமையல்காரர், ஒரு கரடிக்குட்டி கொடுத்த மர்மலேட் சாண்ட்விச்சில் கவிழ்ந்துவிடுகிறார். 'தி கார்ட்' பார்த்தவர்களுக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும்.

அயர்லாந்திலேயே உருவான இரண்டு அனிமேஷன் படங்களில் குரல் கொடுத்திருக்கிறார். 'தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்' (2009) படத்தில் மதில் கட்டுவதிலேயே குறியாக இருக்கும் மடத்துத் தலைவர். 'சாங் ஆஃப் தி ஸீ'யில் (2014) மனைவியை இழந்த கலங்கரை விளக்கக் காவலர். இரண்டாவது, பிள்ளைகளைவிடப் பெரியவர்களை அதிகம் அழ வைக்கும். 'ஹாரி பாட்டர்' தெரிந்ததே. 'டெத்லி ஹாலோஸ்' முதல் பாகத்தில் பில் வீஸ்லியாக வருபவர் மகன் டோனல்தான்.

நேரம் குறைவாக இருந்தால்

'சிக்ஸ் ஷூட்டர்' (2004) அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் குறும்படம். மனைவி இறந்த அன்று ரயிலில் வீடு திரும்பும் மனிதராக க்ளீசன். எதிர் சீட்டில் வாயை மூடாத ஓர் இளைஞன். மார்ட்டின் மெக்டோனாவுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. க்ளீசன் கிட்டத்தட்ட ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார், ஆகவே இவரிடம் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல பயிற்சி. 'ஸ்டேட் ஆஃப் தி யூனியன்' இரண்டாவது சீசனும் (2022) குட்டி எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். பட்ரீஷியா க்ளார்க்சனும் இவரும் கணவன் மனைவியாகக் காபிக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவே.

நேரம் நிறைய இருந்தால் 'மிஸ்டர் மெர்சிடிஸ்' (2017–2019) தொடர். ஸ்டீபன் கிங் கதை, ஓய்வுபெற்ற துப்பறிவாளர் வேடம். மூன்று சீசன் ஓடியது. முதல் சீசனோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிய நஷ்டமில்லை. 2024ல் வந்த இரண்டாவது 'ஜோக்கர்' படத்திலும் சிறைக்காவலராக இருக்கிறார், ஆனால் இவருக்காக மட்டும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.